10 நிமிடத்தில் உலகைக் கலக்கிய புழு!
வாசலில் மடக்கியது இரண்டு வரி உத்தரவு

2003-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி. சனிக்கிழமை. இந்தியாவில் காலை மணி 11.

அந்த நேரத்தில் ஒரு புழு புறப்பட்டது. மண்ணில் நெளியும் புழு அல்ல. கம்ப்யூட்டர்ப் புழு! அதன் பெயர் "ஸ்லாமர்". அளவு 376 பைட். அதாவது, 376 ஆங்கில எழுத்துகள் பிடிக்கும் இடம்தான்.

ஆனால், அது செய்த அட்டகாசம் கொஞ்சமா?

மைக்ரோசாப்ட் கம்பெனியின் "எஸ்.கியூ.எல். சர்வர்" என்ற சாப்ட்வேரில் ஒரு ஓட்டை இருந்தது. புழு அதன் வழியாக நுழைந்தது. தொடக்கத்தில் எட்டரை விநாடிக்கு ஒரு முறை இரண்டு மடங்காகப் பெருகியது. ஓட்டை உள்ள கம்ப்யூட்டர்களில் 100-க்கு 90-ஐப் பத்தே நிமிடத்தில் பிடித்து விட்டது. சுமார் 75 ஆயிரம் கம்ப்யூட்டர்கள் இரையாயின.

பணம் வரவில்லை

அமெரிக்காவில் ஒரு பெரிய பாங்கியின் பணம் தரும் எந்திரங்கள் ஆயிரக்கணக்கில் முடங்கின. தென்கொரியாவில் இன்டர்நெட் படுத்து விட்டது.

ஒகையோ மாநிலத்தில் உள்ள டேவிஸ்-பெஸ் அணு மின் நிலையத்திலும் புழு புகுந்தது. பாதுகாப்பு நிலவரம் காட்டும் திரை சுமார் 5 மணி நேரம் இருண்டு கிடந்தது. நல்ல காலம்! பழுது பார்ப்பதற்காக அணு உலை ஏற்கனவே நிறுத்தப்பட்டு இருந்தது.

வாசல் காவல்காரன்

புழுவை எப்படி மடக்கினார்கள்?

இன்டர்நெட்டில் செய்திகள் சிறு சிறு தபால்களாகப் போகின்றன. அவற்றை வழி பார்த்து அனுப்பும் கருவிக்கு "ரவுட்டர்" என்று பெயர். ஒவ்வொரு தபாலின் மேலும் அனுப்புவது யார், பெறுவது யார், எந்தக் கதவுக்குப் போகிறது என்ற விவரம் இருக்கும்.

ரவுட்டரிடம் என்ஜினீயர்கள் ஒரு பட்டியல் கொடுக்கலாம். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அதில் இருக்கும். இதுதான் "ஆக்சஸ் லிஸ்ட்".

ஸ்லாமர் தட்டிய கதவின் எண் 1434. "யு.டி.பி." என்ற வகைத் தபாலில் அது வந்தது. ஆகவே, இரண்டு வரி போதும்:

"யார் அனுப்பினாலும், 1434-ம் கதவுக்கு வரும் யு.டி.பி. தபாலை விடாதே."

"மற்றதை எல்லாம் விடு."

உலகம் எங்கும் இப்படி வழி அடைக்கப்பட்டது. புழுவின் வேகம் தணிந்தது.

வரிசை மாறினால் ஆபத்து!

ரவுட்டர் பட்டியலை மேலே இருந்து கீழே படிக்கும். முதலில் பொருந்தும் வரியின்படி நடக்கும். பிறகு மேலே படிக்காது. இரண்டு வரிகளையும் இடம் மாற்றி எழுதினால், "எல்லாம் விடு" என்பதே முதலில் வரும். புழு ஜோராக உள்ளே போய் விடும்!

இரண்டாவது வரியை எழுத மறந்தாலோ, எந்தத் தபாலும் போகாது. பட்டியலில் இடம் பெறாததற்கு அனுமதி இல்லை என்பது விதி.

பக்கவாட்டு வழி

அணு மின் நிலையத்தின் முன்வாசலில் காவல் இருந்தது. 1434-ம் கதவும் அடைக்கப்பட்டு இருந்தது. புழு வந்தது, காண்டிராக்டரின் தனிக் கம்பி வழியாக! அங்கே காவல் இல்லை.

இன்னொன்று: ஓட்டையை அடைக்கும் மருந்தை 2002-ம் ஆண்டு ஜூலை மாதமே மைக்ரோசாப்ட் கொடுத்து விட்டது. பலர் அதைப் போடவில்லை.

காவல்காரன் திருடனை வாசலில் நிறுத்துவான். சுவரில் உள்ள ஓட்டையை வீட்டுக்காரர்தான் அடைக்க வேண்டும்!