இசை நடக்க வைக்குமா?

இசை கேட்டால் பசு அதிகமாகப் பால் சுரக்கும், பயிர் செழித்து வளரும் என்று மேடையில் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். பசுவைப் பற்றி எனக்குத் தெரியாது. என் தம்பியைப் பற்றித் தெரியும். அதனால்தான் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற நான் இசையைப் பற்றி எழுத வந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் பரவை. பேரைச் சொன்னதுமே "முனியம்மா ஊரா?" என்பார்கள். நாட்டுப்புறப் பாடகி பரவை முனியம்மா 2020 மார்ச்சில் மறைந்துவிட்டார். அந்தக் கணீர்க் குரலை மட்டும் யாரும் மறக்கவில்லை. தம்பிக்கு ஒன்பது வயது. பிறந்தபோது மூளைக்குப் போதிய பிராணவாயு கிடைக்காததால் மூளை முடக்குவாதம். கால் தசைகள் விறைத்துக்கொள்ளும். இரண்டு வருடத்துக்கு முன் அம்மன் கோயில் பொங்கலில் உறுமியும் தப்பும் சேர்ந்து முழங்கியபோது, அம்மா மடியில் கிடந்தவன் அடிக்கு அடி வலது காலைத் தூக்கினான். "யாத்தே, இவன் காலப் பாருடா!" என்று அம்மா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒருத்தர் வந்து, இந்த நோய்க்கு இந்த ராகம் என்று ஒரு பட்டியலைக் காட்டி, பென் டிரைவ் ஒன்றைக் கொடுத்து ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். காய்கறி மார்க்கெட்டில் மூட்டை பிரிக்கிற அம்மாவுக்கு அது சின்னத் தொகை இல்லை. மூன்று மாதம் காலையும் மாலையும் போட்டோம். தம்பி நன்றாகத் தூங்கினான். வேறொன்றும் நடக்கவில்லை.

விஷயத்தை விளக்கியவர் தம்பிக்குப் பயிற்சி தருகிற பிசியோதெரபி அக்காதான். "தம்பி, சும்மா கேட்டுக்கிட்டே இருந்தா கால் வராது. தாளத்தோட சேர்ந்து அவன் வேலை செய்யணும்" என்றார். சீரான தாளத்தைக் கேட்கும்போது காது சம்பந்தப்பட்ட பகுதி மட்டுமல்ல, அசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதிகளும் விழித்துக்கொள்கின்றன. அடுத்த அடி எப்போது விழும் என்று மூளை முன்கூட்டியே எதிர்பார்க்கிறது. அந்த இடைவெளியில் தசைகள் தயாராகிவிடுகின்றன. நாற்று நடும்போதும் பாரம் இழுக்கும்போதும் நம் ஆட்கள் பாட்டுப் பாடியது களைப்புத் தெரியாமல் இருக்க மட்டும்தானா என்று எனக்கு இப்போது சந்தேகம். அமெரிக்காவில் மைக்கேல் தாட் என்பவரும் அவருடைய குழுவினரும் 1990-களில் இதையே ஒரு நடைப் பயிற்சி முறையாக வகுத்தார்கள். முதலில் நோயாளியின் இயல்பான வேகத்துக்கே தாளம் வைக்க வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் வழி வேறு. பால் நார்டாஃப் என்ற இசையமைப்பாளரும், கிளைவ் ராபின்ஸ் என்ற சிறப்பாசிரியரும் 1959-இல் இங்கிலாந்தில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினார்கள். குழந்தைக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பது அவர்கள் நோக்கம் அல்ல. குழந்தை மேஜையில் இரண்டு தட்டு தட்டினால் இவர்களும் அதையே இசையில் திருப்பித் தருவார்கள். 'நான் தட்டினேன், பதில் வந்தது' என்று குழந்தைக்குப் புரிகிற நிமிடத்தில் வார்த்தையே இல்லாமல் ஒரு பேச்சு ஆரம்பமாகிவிடுகிறது. நம் பக்கத்தில் புதுச்சேரி ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில் இசை சிகிச்சையைக் கற்பிக்கவும் ஆராயவும் தனி மையமே தொடங்கியிருக்கிறார்கள்.

பலன் நிச்சயமா? உண்மையைச் சொல்ல வேண்டும். ஒன்பது நாடுகளில் ஆட்டிசம் உள்ள 364 குழந்தைகளிடம் செய்த ஒரு பெரிய ஆய்வு 2017-இல் வெளியானது. ஐந்து மாத இசை சிகிச்சைக்குப் பின்னும் முக்கிய அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்றது. 26 ஆய்வுகளைத் திரட்டி 2022-இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வோ, ஒட்டுமொத்த முன்னேற்றத்துக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் உதவக்கூடும், பேச்சில் தெளிவான மாற்றம் தெரியவில்லை என்கிறது. 'குணமாகிவிடும்' என்று யாராவது சொன்னால் பர்ஸை உள்ளே வையுங்கள்.

இனி நம் துறைக்கு வருகிறேன். தம்பியின் நடை நிமிடத்துக்கு நாற்பது எட்டு. அந்த வேகத்துக்குத் தாளம் தர ஐ.சி. 555-ஐ வைத்து ஒரு சர்க்யூட் செய்தேன். முதலில் இரண்டு ரெசிஸ்டரையும் சமமாகப் போட்டுவிட்டேன். அவுட்புட் ஏறும்போது ஒரு 'டக்', இறங்கும்போது ஒரு 'டக்'. தம்பி எந்த டக்குக்குக் கால் வைப்பது என்று தெரியாமல் அழுதுவிட்டான். வைவா கேள்விக்கு உளறியபோதுகூட நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. இரண்டாவது ரெசிஸ்டரை 1 கிலோ ஓமாகக் குறைத்ததும் இரண்டு டக்கும் ஒட்டி ஒன்றாகக் கேட்டது. முதல் ரெசிஸ்டர் இடத்தில் 100 கிலோ ஓமும் அதோடு வரிசையில் 220 கிலோ ஓம் பொட்டன்ஷியோமீட்டரும், கெப்பாசிட்டர் 10 மைக்ரோஃபாரட். நிமிடத்துக்கு 27 முதல் 85 தட்டு வரை திருப்பிக்கொள்ளலாம்.

இப்போது 44-இல் நடக்கிறான், வாக்கரோடுதான். போன வாரம் வாசலிலிருந்து அடிபம்பு வரை போகும்போது பாதி வழியில் பேட்டரி தீர்ந்துபோனது. அப்படியே நின்று என்னைத் திட்டினான். அடுப்படியிலிருந்த அம்மா கரண்டியால் பானையைத் தட்ட ஆரம்பித்தார். நாலு எட்டு வைத்தான். தாளம் தப்பியதும் ஐந்தாவதில் உட்கார்ந்துவிட்டான்.

மொத்தச் செலவு நூறு ரூபாய்க்குள். சர்க்யூட் வேண்டுகிறவர்கள் வகுப்பில் வந்து என்னைக் கேளுங்கள். எத்தனை எட்டு என்று பிசியோதெரபி தருகிறவரிடம் முதலில் கேட்டுக்கொண்டு வாருங்கள்.