மூவரோடு ஒரு நெடும் பிரயாணம்

உத்தியோகத்தின் பொருட்டுச் சென்னைப் பட்டணத்தில் குடியேறி இரண்டு மூன்று தலைமுறைகள் கடந்துவிட்ட குடும்பங்களிலும், குழந்தைக்கு முதல் முடி இறக்குவதென்றால் அது திருநெல்வேலிச் சீமையில் உள்ள தங்கள் சாஸ்தாவின் சந்நிதியில்தான் நடைபெற வேண்டும் என்ற நியதி இன்றளவும் மாறாமல் இருந்து வருகிறது. ஏழாம் மாதம், ஒன்பதாம் மாதம், பதினோராம் மாதம் என்று ஒற்றைப்படையில் மாதம் பார்த்து, தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார்த்தி முடி இறக்கிக் காது குத்தும் அந்த வைபவத்துக்காகச் சுமார் 620 கிலோமீட்டர் தூரம் போய் வருவதை எவரும் பெரிய காரியமாக நினைப்பதில்லை. ஆனால், ஒரே பிரசவத்தில் மூன்று குழந்தைகளைப் பெற்றெடுத்த வீட்டில் அதே பிரயாணம் முற்றிலும் வேறான ஒரு காரியமாகிவிடுகிறது. மாமன் மடி ஒன்று, குழந்தைகள் மூன்று என்ற சங்கடம் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு எழுவதன்று; வீட்டு வாசலில் வண்டிக் கதவைத் திறக்கும்போதே அது எதிரே வந்து நிற்கிறது.

நெல்லை எக்ஸ்பிரஸில் ஓர் இரவு படுத்து எழுந்தால் ஊர் வந்துவிடுமே, இத்தனை சிரமம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மூன்று சிசுக்களையும் அவர்களுக்கு உரிய மூட்டை முடிச்சுகளையும் எழும்பூர் நிலையத்தின் ஜனநெரிசலில் கரைசேர்ப்பதும், ஊர் வந்ததும் பத்திரமாக இறக்குவதும் எவ்வளவு கஷ்டம் என்பதை யோசித்தால், வேண்டிய இடத்தில் வேண்டிய மட்டும் நின்று போகக்கூடிய சாலைப் பிரயாணத்தைப் பெற்றோர் விரும்புவதன் நியாயம் விளங்கும்.

மூன்று குழந்தைகள் ஒன்றாகப் பிறப்பது இயற்கையில் மிக அபூர்வம். இரட்டைக் குழந்தைகள் ஏறத்தாழ 89 பிரசவங்களுக்கு ஒன்று என்றும், மூன்று குழந்தைகள் 89-ஐ அதனாலேயே பெருக்கி வரும் தொகைக்கு, அதாவது சுமார் 7,900 பிரசவங்களுக்கு ஒன்று என்றும், 1895-ஆம் ஆண்டில் ஹெல்லின் என்பவர் ஒரு விதியை வகுத்துச் சொன்னார். கருத்தரிப்புச் சிகிச்சைகள் பெருகிய பின்னர் இந்த விதி தளர்ந்துபோய், முன்னினும் அதிகமாக இத்தகைய பிரசவங்கள் நிகழத் தொடங்கின. மூவராகப் பிறப்பவர்களிற் பெரும்பாலோர் நாற்பது வாரம் நிறைவதற்கு வெகு முன்பே, முப்பத்திரண்டு முப்பத்து மூன்றாம் வாரத்தையொட்டிப் பிறந்துவிடுகிறார்கள். ஆகையால், பஞ்சாங்கப்படி ஏழு மாதம் நிறைந்த குழந்தை, எட்டு வாரம் முந்திப் பிறந்திருக்குமானால், வளர்ச்சியின் கணக்கில் ஐந்து மாதக் குழந்தையே ஆகும். தடுப்பூசிகளைப் பிறந்த தேதியிலிருந்தே கணக்கிடும் வைத்தியர்கள், கழுத்து நிற்பது, உட்காருவது போன்ற விஷயங்களில் இந்தத் திருத்திய வயதையே கொள்கிறார்கள். பிரயாணத்துக்கு முகூர்த்தம் குறிப்பதற்கு முன்பு குழந்தை வைத்தியரிடம் காட்டி, இந்த வயதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது முதற் கடமை.

அடுத்த பிரச்சினை வண்டி. நம் தேசத்தில் குழந்தையின் ஆசனம் தாயின் மடி என்பது பரம்பரையாக வந்த எண்ணம். “பெத்தவ மடி இருக்கும்போது பிள்ளையைக் கொண்டுபோய் நாற்காலியில் வார் போட்டுக் கட்டணுமா?” என்று மாமியார் கேட்பதும், “வண்டி ஓடாதப்போ எவ்வளவு நேரம் வேணுமானாலும் மடியில வச்சுக்கிடுங்க, அத்தை, ஓடும்போது மட்டும் வேண்டாம்” என்று மருமகள் தயங்கித் தயங்கிச் சொல்வதும் பல வீடுகளில் நடப்பதுதான். மாமியாரின் வாத்ஸல்யத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், பௌதிக சாஸ்திரம் மருமகளின் கட்சியில் நிற்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒரு வண்டி எதன்மீதேனும் மோதி, ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிடுமானால், ஏழு கிலோ எடையுள்ள குழந்தை சுமார் 200 கிலோ பாரத்துக்குச் சமமான விசையோடு முன்னே பாயும். எத்தகைய தாயின் கரமும் அதைத் தாங்கிப் பிடிக்க இயலாது.

ஸ்வீடன் தேசத்துப் பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மன், விண்வெளி வீரர்கள் புறப்படும்போது ஏற்படும் பெரும் விசையை முதுகு முழுவதிலும் பரவலாகத் தாங்கும்படி மல்லாந்து படுத்திருப்பதைக் கண்டு, குழந்தையைப் பின்னோக்கி அமர்த்தும் ஆசனம் ஒன்றை யோசித்தார். 1964-இல் அதன் முதல் மாதிரி ஒரு வோல்வோ காரில் பரீட்சிக்கப்பட்டது. சிசுவின் தலை உடலின் அளவை நோக்கப் பெரியது, கழுத்தோ வலுவற்றது. பின்னோக்கி அமர்ந்த குழந்தைக்கு மோதலின் வேகம் தலை, கழுத்து, முதுகு ஆகிய அனைத்தின்மீதும் பங்கிடப்பட்டுப் போவதால் கழுத்து தப்புகிறது. ஐரோப்பாவின் இன்றைய விதி பதினைந்து மாதம் வரையேனும் இவ்வாறு அமர்த்த வேண்டும் என்கிறது. நம் நாட்டிலும் 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை வாரோ தக்க ஆசனமோ இன்றி ஏற்றிச் செல்பவருக்கு ஆயிரம் ரூபாய் அபராதம் விதிக்கிறது.

குழந்தை ஒன்றாயின் ஓர் ஆசனத்தை எந்தக் காரிலும் பொருத்திவிடலாம். மூன்று ஆசனங்கள் என்னும்போது, ஒவ்வொன்றும் சுமார் 44 சென்டிமீட்டர் அகலம் உள்ளதாக வைத்துக்கொண்டால் 132 சென்டிமீட்டர் ஆகிறது. சாதாரணக் காரின் பின்னிருக்கை அதற்கு இடங்கொடுப்பது துர்லபம். ஆசனத்தைக் கொக்கியில் மாட்டும் ஐசோபிக்ஸ் வசதியும் பெரும்பாலும் இரண்டு ஓரங்களில் மட்டுமே இருக்கும். எனவே மூன்று வரிசை இருக்கைகள் உள்ள வண்டியே உசிதம்: நடு வரிசையில் இருவர், பின் வரிசையில் ஒருவர், அந்தப் பின்வரிசைக் குழந்தையின் பக்கத்தில் ஒரு பெரியவர் என்பது பலர் கடைப்பிடிக்கும் ஏற்பாடு. உறவினர் எல்லோரும் ஒன்றாகப் போகலாம் என்று வேன் அமர்த்துவோர், அதன் இருக்கைகளில் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிணைக்கும் வார் உண்டா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே நேரிற் பார்த்துவிடுவது நல்லது. ஓட்டுநருக்கு அருகே, காற்றுப்பை உள்ள முன்னிருக்கையில், பின்னோக்கிய ஆசனத்தை ஒருபோதும் வைக்கலாகாது. பை விரியும் வேகமே குழந்தைக்கு எமனாகிவிடும்.

ஆசனம் கிடைத்துவிட்டது என்பதற்காக நாள் முழுவதும் அதிலேயே குழந்தையை விட்டுவைக்கவும் கூடாது. சாய்ந்த நிலையில் நெடுநேரம் இருக்கும் சிசுவின் தலை முன்னே தொங்கி, மோவாய் மார்பில் படிந்து, மூச்சுப்பாதை குறுகக்கூடும். குறைமாதத்தில் பிறந்தவர்களிடம் இந்த அபாயம் அதிகம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை நிறுத்திக் குழந்தைகளை வெளியே எடுத்துச் சமதளத்தில் படுக்கவைப்பது பொதுவாகச் சொல்லப்படும் யோசனை. மிகவும் இளம் சிசுக்களுக்கு அந்த இடைவெளி இன்னும் குறைவாக இருக்க வேண்டும்.

இங்கேதான் மூவரின் பிரயாணத்துக்கு உரிய உண்மையான கணக்கு தொடங்குகிறது. ஒரு குழந்தைக்குப் பால் புகட்டி, ஏப்பம் விடச் செய்து, துணி மாற்றுவதற்கு இருபத்தைந்து நிமிஷம் என்று வைத்துக்கொண்டால், ஒருவர் பின் ஒருவராகக் கவனிக்கும்போது ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. மூன்றாமவன் முடிப்பதற்குள் முதலாமவன் மறுபடியும் சிணுங்க ஆரம்பித்துவிடுவான். ஆகவே அநுபவம் வாய்ந்த பெற்றோர், ஒரு குழந்தை பசித்து விழித்தவுடன் மற்ற இரண்டையும் எழுப்பி, மூவரையும் ஒரே வேளைக்குள் கொண்டுவந்துவிடுகிறார்கள். தூங்கும் பிள்ளையை எழுப்பாதே என்ற முதியோர் வாக்கை இவர்கள் மீறித்தான் ஆக வேண்டும். தாய் இருவருக்கு ஒருங்கே பாலூட்ட, மூன்றாவது குழந்தைக்குப் பாட்டியோ தகப்பனாரோ பாலாடையில் புகட்டுவார்; அடுத்த வேளைக்குப் பாலாடை வேறொரு குழந்தைக்கு முறை மாறும். நம் பாட்டிமார் கையாண்ட பாலாடையைக் குறைமாதச் சிசுக்களுக்காக இந்திய மருத்துவமனைகளும் விரும்பி உபயோகிக்கின்றன என்பது குறிப்பிடத்தக்கது. புட்டியைவிட அதைத் தேய்த்துக் கழுவிக் கொதிநீரில் இடுவது சுலபம் என்பதால் பிரயாணத்துக்கும் அதுவே ஏற்றது. முந்தைய வாரத்திலேயே வீட்டில் இந்த ஒழுங்கைப் பழக்கிக்கொண்டால் சாலையில் தடுமாற்றம் இராது. ஆனால் எவ்வளவு அழுதாலும், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது குழந்தையை ஆசனத்திலிருந்து எடுத்துப் பாலூட்டக் கூடாது.

இந்தக் கணக்கைச் சாலையின்மீது பொருத்திப் பார்ப்போம். விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சென்னையை விட்டால், திண்டிவனத்தில் ஒரு முறை, உளுந்தூர்ப்பேட்டையில் ஒரு முறை, பெரம்பலூரில் ஒரு முறை என்று ஒவ்வோரிடத்திலும் ஒரு மணி நேரம் தங்கிச் சென்றாலும், 330 கிலோமீட்டர் கடந்து பிற்பகலில் திருச்சிராப்பள்ளியை அடைந்துவிடலாம். அன்று அங்கேயே தங்கி, மறுநாள் மதுரையிலும் கோவில்பட்டியிலும் நின்று, திருநெல்வேலி போய்ச் சேரலாம். தனி ஆளாக ஓட்டிச் செல்பவர் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் முடிக்கும் தூரத்துக்கு மூவரின் குடும்பம் இரண்டு பகல்களை ஒதுக்க வேண்டியிருக்கிறது. குழந்தைகள் தூங்கிவிடுவார்கள் என்று இரவில் புறப்படுவது சிலருக்கு வழக்கம்; ஆனால், பின்னிரவு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை தூக்கம் அதிகமாக அழுத்துவது ஓட்டுகிறவரைத்தான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். வழியில் பேருந்து நிலையங்கள் பலவற்றில் 2015 முதல் தமிழக அரசு ஏற்படுத்திய பாலூட்டும் அறைகள் உண்டு. தங்கும் விடுதியிலோ உணவகத்திலோ மாடிக்கு ஏறாமல் தரைத்தளத்திலேயே ஓர் அறையை முன்கூட்டிச் சொல்லி வைப்பது அதனினும் சௌகரியம்.

பாலைப் பற்றிய ஜாக்கிரதை தனியே சொல்லத்தக்கது. எடுத்து வைத்த தாய்ப்பால் சாதாரண அறை வெப்பத்தில் நான்கு மணி நேரமே தாங்கும். பனிக்கட்டிப் பொதிகளோடு கூடிய பெட்டியில் ஒரு நாள் வரை வைக்கலாம். மாவுப்பால் கொடுக்க நேர்ந்தால், அந்த மாவு கிருமியற்றதன்று என்பதால், 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து, உடனே புகட்ட வேண்டும். கரைத்து இரண்டு மணி நேரமான பாலைக் கொட்டிவிட வேண்டும். வெந்நீரை நல்ல பிளாஸ்கிலும் மாவை வேளைக்கு வேளை அளந்து தனித்தனிச் சிமிழ்களிலும் எடுத்துச் செல்வது இதற்காகவே. ஒரு வயது நிரம்பாத வாயில் தேன் தடவுவது, எந்தக் கோயில் வாசலில் எந்த உறவினர் ஆசையோடு கேட்டாலும், மறுக்க வேண்டிய ஒன்று.

பங்குனி உத்திரத்தையொட்டிச் சாஸ்தா கோயில்களுக்குப் போகிறவர்கள் வெயிலையும் மனத்திற்கொள்ள வேண்டும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் இருபது நிமிஷத்தில் வெப்பம் பத்து டிகிரிக்கு மேல் ஏறிவிடும். சிசுவின் உடலோ பெரியவர்களைவிடப் பன்மடங்கு விரைவில் சூடேறும். இருவரைத் தூக்கிக்கொண்டு இறங்கிய அவசரத்தில், மூன்றாமவன் தூங்குகிறான், ஐந்து நிமிஷந்தானே என்று விட்டுப் போவது பெருந்தவறு. இறங்கும்போதும் ஏறும்போதும் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று உரக்க எண்ணுவதும், இன்ன குழந்தைக்கு இன்னார் பொறுப்பு என்று புறப்படுமுன்பே பிரித்துக்கொள்வதும் இதற்குப் பரிகாரம். ஓட்டுகிறவரைத் தவிர மூன்று பெரியவர்கள் இருந்தால் ஆளுக்கு ஒரு குழந்தையாகிவிடும். குழந்தைக்கு ஒரு நிறம் என்று பை, துணி, பாலாடை அனைத்தையும் பிரித்து, எந்தக் குழந்தை எப்போது எவ்வளவு குடித்தது என்பதை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வந்தால், ஒருவன் இருமுறை உண்டு மற்றொருவன் பட்டினி கிடக்கும் விபரீதம் நேராது.

மூவரைக் கண்டதும் எந்த ஊரிலும் கூட்டம் கூடும். “மூணும் ஒண்ணாப் பிறந்ததா, தாயீ?” என்று கேட்டு, கன்னத்தைத் தொட்டு, திருஷ்டி கழிக்கும் அந்த அன்பு நம் ஜனங்களுக்கே உரிய குணம். ஆயினும், குறைமாதக் குழந்தைகளுக்குச் சளியும் காய்ச்சலும் எளிதில் பற்றும். ஒருவருக்கு வந்தால் மூவருக்கும் வரும். கை கழுவியவர்களே தொடலாம் என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிடுவதில் அபசாரம் ஒன்றுமில்லை. அவ்வாறே, முடி இறக்குபவரிடம் மூன்று தலைக்கும் மூன்று புதிய பிளேடுகளைக் கையில் கொடுத்துவிடுவதும், காது குத்தும் ஊசியை ஒவ்வொருவருக்கும் மாற்றச் சொல்வதும் அவசியம். தாய்மாமன் அங்கே அவசரமின்றி ஒவ்வொருவராக மடியில் ஏந்தி உட்காரட்டும். நின்ற இடத்தில் மடியைப் போன்ற ஆசனம் வேறொன்றும் இல்லை.

மேலே கூறிய ஏற்பாடுகளை ஒவ்வொன்றாக எடுத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஆசனமும் வாரும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஓய்வும், பாலின் சுத்தமும், இரவுப் பிரயாணத்தைத் தவிர்ப்பதும், தலை எண்ணி இறங்குவதும் மூன்று குழந்தைகளுக்கென்று தனியே ஏற்பட்ட விதிகள் அல்ல. ஒரு குழந்தையோடு போகிறவருக்கு மடி ஒன்று காலியாக இருப்பதாலும், ஒரு கை மிச்சம் இருப்பதாலும், அவற்றை அலட்சியம் செய்து தப்பிவிடும் வாய்ப்புக் கிடைக்கிறது. மூவரைப் பெற்றவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்கள் நிர்ப்பந்தத்தால் கற்றதை மற்றவர்கள் விவேகத்தால் கைக்கொண்டு, ஒற்றைக் குழந்தையோடு ஊருக்குப் போகும்போதும் ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கித் திருச்சியில் தங்கிப் போவார்களானால், ஊரில் காத்திருக்கும் உறவினர்கள் அந்தத் தாமதத்துக்காகக் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.