அரக்கு முத்திரையும் மேகக் கணிமையும்

நுழையும்முன்

கத்தியும் கைரேகையுமே முதன்மைத் தடயங்களாக இருந்த காலம் மாறிவிட்டது. ஒருவர் எங்கிருந்தார், யாரோடு பேசினார், எதைத் தேடினார் என்பவற்றை இன்று அவருடைய கைப்பேசியே பதிவுசெய்து வைக்கிறது. அப்பதிவைக் கண்டெடுப்பது ஒரு பணி. கண்டெடுத்தது சிறிதும் மாறாமல் நீதிமன்றத்தை அடைந்தது என மெய்ப்பிப்பது அதனினும் அரிய பணி. காவல்துறையின் தடய ஆய்வு மேகக் கணிமையை நோக்கி நகர்ந்துவரும் இந்நாளில், அவ்வரிய பணி எவ்வாறு நடைபெறுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

நெகிழ்வட்டு சொன்ன பெயர்

2005ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்திலுள்ள விச்சிட்டா நகரத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றுக்கு ஒரு நெகிழ்வட்டு வந்து சேர்ந்தது. அனுப்பியவன் 1974 முதல் 1991 வரை பத்துப் பேரைக் கொன்றவன். முப்பது ஆண்டுகளாகப் பிடிபடாதவன். வட்டின் வழியே தன்னைக் கண்டறிய இயலுமா என்று அவன் முன்னரே காவல்துறையிடம் கேட்டிருந்தான். அஞ்ச வேண்டியதில்லை எனப் பொருள்படும் விளம்பரம் ஒன்றைச் செய்தித்தாளில் வெளியிட்டுக் காவல்துறை அதற்கு விடையளித்தது. அவனும் அதனை நம்பினான்.

வட்டில் வெளிப்படையாகப் படிக்கக் கிடைத்தது சிறு குறிப்பு மட்டுமே. எனினும், அழிக்கப்பட்ட பழைய கோப்பு ஒன்றின் எச்சம் அதில் தங்கியிருந்தது. அக்கோப்பைக் கடைசியாகத் திருத்தியவர் பெயர் ‘டென்னிஸ்’ என்பதையும், அக்கணினியின் மென்பொருள் அந்நகரப் பகுதியிலுள்ள லுத்தரன் தேவாலயம் ஒன்றன் பெயரில் பதிவாகியிருந்ததையும் அவ்வெச்சம் காட்டியது. டென்னிஸ் ரேடர் என்பவர் அத்தேவாலயச் சபையின் தலைவர். மரபணுச் சோதனையும் பொருந்தியது. வட்டு வந்த பத்து நாள்களுக்குள் அவன் கைது செய்யப்பட்டான்.

கோப்பைப் பற்றிக் கோப்பே எழுதிவைக்கும் இத்தகைய குறிப்புகளை ‘மீத்தரவு’ என்பர். எழுதியவர், எழுதிய நேரம், பயன்படுத்திய மென்பொருள் முதலியன அதில் அடங்கும். அன்றைய நெகிழ்வட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைட். இன்று எளிய கைப்பேசியிலும் 128 ஜிகாபைட் நினைவகம் இருக்கிறது. ஏறத்தாழ 89 ஆயிரம் நெகிழ்வட்டுகளுக்கு அது ஈடாகும். ஒரு வட்டில் ஒரு பெயரைத் தேடிய ஆய்வாளர் இன்று ஒரு வழக்குக்குப் பத்துக் கைப்பேசிகளையும் இரண்டு மடிக்கணினிகளையும் எதிர்கொள்கிறார் எனில், அவர் மேசையின்மேல் குவிந்திருக்கும் பணியின் அளவை நாமே உய்த்துணரலாம்.

தொட்டாலே மாறும் தடயம்

சென்னை மாகாணத்தில் 1849இல் வேதியியல் ஆய்வாளரின் ஆய்வகம் தொடங்கப்பட்டது. இந்தியத் தடய அறிவியலின் வரலாற்றை அங்கிருந்து தொடங்குவது மரபு. நஞ்சையும் குருதிக்கறையையும் ஆராய்வதே அத்தகைய ஆய்வகங்களின் தொடக்ககாலப் பணி. காவலர் கைப்பற்றிய பொருளுக்குச் சாட்சிகள் முன்னிலையில் மகஜர் எழுதி, அதைத் துணியில் பொதிந்து, முடிச்சின்மேல் அரக்கு முத்திரை இட்டு அனுப்புவது வழக்கம். முத்திரை உடையாமல் இருக்கிறதா என்பதைத்தான் ஆய்வகம் முதலில் பார்க்கும். உடைந்திருந்தால், உள்ளே இருப்பது எத்துணைத் தெளிவான தடயமானாலும் அதன்மீது ஐயம் படியும்.

கத்திக்குப் பொருந்திய இம்முறை கைப்பேசிக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை. துணிக்குள் கட்டி முத்திரையிடப்பட்ட கைப்பேசி, இயக்கத்தில் இருக்குமானால், வலையமைப்போடு தொடர்பிலேயே இருக்கும். உரியவர் வேறொரு கருவியிலிருந்து கட்டளை அனுப்பி அதன் உள்ளடக்கம் முழுவதையும் அழித்துவிட முடியும். அரக்கு அப்படியே இருக்கும், சான்று போயிருக்கும்! இதனால்தான், கைப்பற்றிய கைப்பேசியை அலைகள் புகாத உலோக இழைப் பையில் இடுகின்றனர். மைக்கேல் ஃபாரடே 1836இல் செய்துகாட்டிய உலோகக் கூண்டின் தத்துவமே இப்பையாகச் சுருங்கியிருக்கிறது.

கணினியை இயக்கிப் பார்ப்பதும் பிழையாகும். இயக்கிய அளவிலேயே எண்ணற்ற கோப்புகளின் நேரக்குறிப்புகள் மாறிவிடும். உள்ளே என்ன இருக்கிறது பார்ப்போம் என்று நல்லெண்ணத்தோடு திறக்கும் காவலர், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்துவிடுகிறார். எனவே, பயிற்சிபெற்ற ஆய்வாளர், எழுதுதலைத் தடுக்கும் கருவியின் வழியே வட்டை இணைக்கிறார். அழிக்கப்பட்ட பகுதிகள் உட்பட வட்டு முழுவதையும் ஒரு துகளும் விடாமல் நகலெடுக்கிறார். ஆய்வனைத்தும் நகலின்மீதே நிகழும்.

நகல் மூலத்தை ஒத்ததுதான் என்பதற்கு என்ன சான்று? இங்குதான் ‘ஹாஷ் மதிப்பு’ என்னும் கணித முத்திரை வருகிறது. எவ்வளவு பெரிய கோப்பாயினும் அதன் ஒவ்வோர் எழுத்தையும் உள்வாங்கிக் கணக்கிட்டு, நிலையான நீளமுடைய ஒரு குறியீட்டை இம்முறை தருகிறது. எஸ்.எச்.ஏ.256 என்னும் வகையில் அக்குறியீடு 64 இலக்கங்கள் கொண்டது. கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் குறியீடு முற்றிலும் வேறாகிவிடும். குறியீட்டிலிருந்து கோப்பை மீட்டெடுக்க வழியில்லை. வெவ்வேறான இரு கோப்புகளுக்கு ஒரே குறியீடு தற்செயலாக அமைவது நடைமுறையில் நிகழாது. ஏனெனில், அமையத்தக்க குறியீடுகளின் எண்ணிக்கை 78 இலக்க எண்ணாகும்.

சிலப்பதிகாரத்தில், புறத்தோற்றத்தால் ஒன்றுபோலிருந்த இரு சிலம்புகளை வேறுபடுத்தியது உள்ளிருந்த பரல். முத்தா மாணிக்கமா என்பதை அறியச் சிலம்பை உடைக்க வேண்டியிருந்தது; அதுவும் தண்டனை நிறைவேறிய பின்னர். திரையில் ஒன்றுபோல் தோன்றும் இரு கோப்புகளின் பரலை உடைக்காமலே காட்டுவது ஹாஷ் மதிப்பு. ஆயினும் அதன் எல்லையையும் அறிதல் வேண்டும். முத்திரையிட்ட கணத்திற்குப் பின் எதுவும் மாறவில்லை என்பதை மட்டுமே அது சொல்லும். அதற்குமுன் நிகழ்ந்ததை அது சொல்லாது. கைப்பற்றிப் பல நாள் கழித்துக் கணக்கிடப்படும் ஹாஷ், திருட்டு நடந்த பின் பூட்டப்படும் பூட்டினை ஒத்தது.

மேகம் என்னும் கிடங்கு

நகலை எங்கே வைப்பது? நெடுங்காலம் விடை எளிதாக இருந்தது: ஆய்வகத்தின் வட்டில், அலமாரியில், பூட்டுக்குள். வழக்குகள் பெருகப்பெருக வட்டுகள் நிரம்பின. ஒரு கணினி ஒரு நகலை அலசி முடிக்கும்வரை அடுத்த வழக்கு வரிசையில் காத்திருந்தது. விசாரணை அதிகாரி ஓர் ஊரிலும், ஆய்வாளர் வேறோர் ஊரிலும், அரசு வழக்கறிஞர் மூன்றாம் ஊரிலும் இருக்க, வட்டு மூவரிடையே பயணித்தது.

மேகக் கணிமை என்பது வானத்தில் இருப்பதன்று. எங்கோ ஒரு கட்டடத்தில், குளிரூட்டப்பட்ட கூடங்களில், ஆயிரக்கணக்கான கணினிகள் இயங்குகின்றன. அவற்றின் சேமிப்பிடத்தையும் கணிக்கும் ஆற்றலையும் வலையமைப்பின் வழியே வேண்டியபோது வேண்டிய அளவு பெறுவதே மேகக் கணிமை. ஒரு கணினி நாள்கணக்கில் செய்யும் தேடலை நூறு கணினிகளுக்குப் பகிர்ந்தளித்துச் சில மணி நேரத்தில் முடிக்கலாம். பல வழக்குகளில் திரும்பத்திரும்ப வரும் ஒரே தொலைபேசி எண்ணையோ வங்கிக் கணக்கையோ ஒப்பிட்டுக் காணலாம். பல மாவட்டங்களில் ஏமாற்றப்பட்டவர்களின் புகார்கள் தனித்தனிக் கோப்புகளாகக் கிடக்கும் இணைய மோசடிகளில் இவ்வொப்பீடே துப்புத்துலக்கும் கருவி.

வேகத்தைவிடச் சிறந்த பயன் ஒன்றுண்டு. முறையாக அமைக்கப்பட்ட மேகக் கிடங்கில், ஒருமுறை எழுதியதைக் குறித்த காலம் வரை எவரும் திருத்தவோ அழிக்கவோ இயலாதவாறு பூட்டலாம். யார், எந்நேரத்தில், எந்தக் கோப்பைத் திறந்தார் என்னும் பதிவேடு தானாகவே எழுதப்படும். அலமாரிச் சாவி யாரிடம் இருந்தது என்று நினைவிலிருந்து சாட்சியம் சொல்லும் நிலை இங்கு நீங்குகிறது.

ஒரு நடைமுறைத் தடையையும் சொல்ல வேண்டும். வினாடிக்கு 20 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் ஒரு டெராபைட் நகலைப் பதிவேற்ற நான்கரை நாள்களுக்குமேல் ஆகும். அதற்குள் காவல் வாகனம் அவ்வட்டை மாநிலத்தின் எந்த மூலைக்கும் கொண்டுசேர்த்துவிடும்! நல்ல இணைப்பில்லாத நிலையத்துக்கு மேகம் தொலைவிலேயே இருக்கிறது.

சான்றே மேகத்தில் இருக்கும்போது சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. 2013இல் அமெரிக்கப் புலனாய்வாளர்கள் ஒரு மின்னஞ்சல் கணக்கின் உள்ளடக்கத்தைக் கோரினர். மைக்ரோசாப்ட் நிறுவனம், அம்மடல்கள் அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள சேவையகத்தில் இருப்பதால் அமெரிக்க ஆணை அங்குச் செல்லாது என்று வாதிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது; 2018இல் அமெரிக்கா புதுச்சட்டம் இயற்றிய பின்னரே முடிந்தது. கைப்பேசி கையில் இருந்தும் அதன் உள்ளடக்கம் வேறொரு நாட்டின் சட்டத்துக்குள் இருக்கலாம் என்பதை இவ்வழக்கு உலகுக்கு உணர்த்தியது.

இந்தியச் சட்டத்தின் பாதை

இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், சான்றுச் சட்டத்தில் 65ஆ என்னும் பிரிவைச் சேர்த்தது. மின்னணுப் பதிவின் நகலைச் சான்றாக அளிப்போர் அதனோடு சான்றிதழும் அளிக்க வேண்டும் என்றது அப்பிரிவு. சான்றிதழ் கட்டாயம் என 2014இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 2020இல் அதனை மீண்டும் உறுதிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 63ஆம் பிரிவாக இது தொடர்கிறது.

அதே நாளில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி–ஒளிப் பதிவு செய்து காலந்தாழ்த்தாமல் நடுவருக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்குச் செல்வதை 176ஆம் பிரிவு வேண்டுகிறது. இப்பதிவுகளைக் காவலரின் சொந்தக் கைப்பேசியில் தேக்கிவைப்பது முறையன்று. தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய ‘இ-சாக்ஷ்யா’ செயலி, 2024 ஆகஸ்ட் 4 அன்று சண்டிகரில் தொடங்கிவைக்கப்பட்டது. நிகழ்விடத்தில் எடுக்கும் காணொளியை அச்செயலி நேராக அரசின் மேகக் கிடங்குக்கு அனுப்புகிறது. முத்திரையிடும் கணம் நிலையத்திலிருந்து நிகழ்விடத்துக்கே நகர்ந்துவிட்டது என்பதே இம்மாற்றத்தின் சிறப்பு.

கணினி சொன்னால் உண்மையா?

இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒரு பெருந்தவறு இவ்விடத்தில் கருதத்தக்கது. அந்நாட்டு அஞ்சல் நிறுவனம் 1999 முதல் ‘ஹொரைசன்’ என்னும் கணக்கு மென்பொருளைத் தன் கிளைகளில் நிறுவியது. பல கிளைகளில் பணம் குறைவதாக மென்பொருள் காட்டியது. கிளைகளை நடத்தியோர் தாம் எடுக்கவில்லை என்று மன்றாடினர். கணினி சரியாகவே இயங்கியிருக்கும் என்னும் முற்கோளை அந்நாட்டுச் சட்டம் ஏற்றிருந்தது. 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்ப்பிடப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். வீடும் பெயரும் இழந்தோர் பலர். 2019இல்தான் அம்மென்பொருளில் பிழைகள் இருந்ததை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. மென்பொருளை உருவாக்கிய நிறுவனத்தின் பணியாளர், கிளையை நடத்துவோர் அறியாமலே தொலைவிலிருந்து அக்கிளையின் கணக்கை மாற்ற முடிந்திருந்தது என்பதும் வெளிப்பட்டது. 2024இல் நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்றித் தண்டனைகளை நீக்க வேண்டியதாயிற்று.

மேகக் கிடங்கும் தொலைவில் இருப்பதே. பதிவேடு எழுதும் மென்பொருளையும் ஒருவர் எழுதியிருக்கிறார். அதனை மேலாளும் உரிமை ஒருவரிடம் இருக்கிறது. அவருடைய செயல்களும் பதிவாகின்றனவா, அப்பதிவைக் குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் பார்க்க இயலுமா என்னும் வினாக்களுக்கு விடையில்லாத கிடங்கைவிட, சாவியுள்ள பழைய அலமாரியே மேல் என்று கருதத் தோன்றுகிறது.

தனியுரிமை அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஒரு குறுஞ்செய்திக்காகக் கைப்பற்றப்படும் கைப்பேசியில் குடும்பப் படங்களும் மருத்துவக் குறிப்புகளும் நண்பர்களின் மடல்களும் இருக்கும். முழு நகலும் மேகத்தில் ஏறியபின், வழக்கோடு தொடர்பில்லாத பகுதியை யார் பார்க்கலாம், வழக்கு முடிந்தபின் அது எப்போது அழிக்கப்படும் என்பன தொழில்நுட்பம் விடைதரும் வினாக்கள் அல்ல.

பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் இறுதியில், 63ஆம் பிரிவுக்குரிய சான்றிதழின் படிவம் அச்சிடப்பட்டிருக்கிறது. அது இரு பகுதிகளை உடையது: முதற்பகுதியைச் சான்று அளிப்பவரும் இரண்டாம் பகுதியை வல்லுநரும் நிரப்ப வேண்டும். ஹாஷ் மதிப்பை எழுத ஓர் இடமும், எம்முறையால் கணக்கிடப்பட்டது என்று குறிக்கக் கட்டங்களும் இரண்டிலும் உள்ளன. எஸ்.எச்.ஏ.256 மட்டுமன்றி, எஸ்.எச்.ஏ.1, எம்.டி.5 என்னும் பழைய முறைகளும் அக்கட்டங்களில் இடம்பெறுகின்றன. வேறுபட்ட இரு கோப்புகளுக்கு ஒரே குறியீட்டை வலிந்து உருவாக்க இயலும் என எம்.டி.5இல் 2004ஆம் ஆண்டிலும், எஸ்.எச்.ஏ.1இல் 2017ஆம் ஆண்டிலும் ஆய்வாளர்கள் செய்துகாட்டிவிட்டனர். எந்தக் கட்டத்தில் குறியிடுவது என்பதைப் படிவத்தை நிரப்புபவரே முடிவு செய்கிறார்.