பகையில் பிறக்கும் புகார்: கலிபோர்னியா வீட்டு உரிமையாளர் சங்கங்களில் சட்டம் எதுவரை?

கலிபோர்னியாவில் சங்கம் உள்ள வளாகத்தில் வீடு வாங்குபவர் பத்திரம் பதிவான நாளிலேயே அதன் உறுப்பினராகிவிடுகிறார். விலக வேண்டுமானால் வீட்டை விற்பது ஒன்றே வழி. சங்கத்தை நடத்தும் நிர்வாகக் குழுவில் இருப்பவர்களும் அதே வளாகத்து வீட்டுக்காரர்கள்தான்; பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்கள். வேலியின் உயரம், கதவின் நிறம், வண்டி நிறுத்துமிடம், நாய், சத்தம் என்று எல்லாவற்றுக்கும் விதி உண்டு, மீறினால் அபராதமும் உண்டு. இப்படி ஓர் ஏற்பாடு கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது, பக்கத்து வீட்டார்மேல் கோபம் கொண்டவர் நேரில் போய்ப் பேச வேண்டிய அவசியமே இல்லை. பிள்ளைகளின் சண்டையில் தொடங்கிய மனக்கசப்பு, சில மாதங்களில் குப்பைத்தொட்டி எத்தனை மணிவரை தெருவில் நின்றது என்ற புகைப்படமாகக் குழுவின் முன் வந்து நிற்கும்.

இத்தகைய புகாரில் முதலில் தெளிய வேண்டியது ஒன்று: புகார் கொடுத்தவரின் எண்ணம் கெட்டது என்பதால் மட்டும் மீறல் இல்லையென்று ஆகிவிடாது. அனுமதியில்லாமல் கட்டிய பந்தல், எதிரி காட்டிக்கொடுத்தாலும் அனுமதியில்லாத பந்தல்தான். "அவருக்கு என்மேல் பகை" என்பதையே வாதமாக வைப்பவர்கள் பெரும்பாலும் தோற்பது இதனால்தான். பகையை நிரூபிக்க முயல்வதைவிட, குழு தானே விசாரித்ததா, எழுதப்பட்ட விதி இருக்கிறதா, அதே விதி மற்ற வீடுகளிலும் அமலாகிறதா என்ற மூன்று கேள்விகளைப் பிடித்துக்கொள்வதே பலன் தரும்.

நீதிமன்றங்களும் அந்தக் கோணத்தில்தான் பார்த்துவந்திருக்கின்றன. 1994-இல் லேக்சைட் வில்லேஜ் வளாகத்தின் பூனை வழக்கில், வளாகத்தின் அடிப்படை விதிகளைக் கொண்ட மூல ஆவணத்தில் பதிவான கட்டுப்பாடு நியாயமானது என்றே முதலில் கொள்ளப்படும் என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னது. 1999-இல் லா ஹோயா ஷோர்ஸ் வளாகத்தின் கரையான் வழக்கில், பராமரிப்பு குறித்த குழுவின் முடிவுக்கு நீதிமன்றம் மதிப்புக் கொடுத்தது. ஆனால் நியாயமான விசாரணை செய்து, நல்லெண்ணத்தோடு, வளாகத்தின் நலனை எண்ணி எடுத்த முடிவுக்கே அந்த மதிப்பு. 1986-இன் அயர்ன்வுட் வழக்கு இதன் மறுபக்கம். அனுமதி பெறாமல் நட்ட பேரீச்ச மரங்களை அகற்றக் கோரிய சங்கம், தன் நடைமுறையைத் தானே பின்பற்றியதையும், முடிவு நியாயமானது, தன்னிச்சையானதல்ல என்பதையும் காட்ட வேண்டும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம்.

நடைமுறையை வகுப்பது 1985-இன் டேவிஸ்-ஸ்டெர்லிங் சட்டம். அபராதம் விதிக்கும் சங்கம் அபராதப் பட்டியலை முன்கூட்டியே உறுப்பினர்களுக்கு அனுப்பியிருக்க வேண்டும். நடவடிக்கை எடுக்கும் கூட்டத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பு எழுத்தில் அறிவிப்பு தர வேண்டும். என்ன மீறல், கூட்டம் எப்போது, எங்கே, உறுப்பினர் வந்து பேசலாம் என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். 2025-இன் நடுவில் வந்த திருத்தம் வீட்டுக்காரர் கையை இன்னும் பலப்படுத்தியது. கூட்டத்துக்கு முன் மீறலைச் சரிசெய்துவிட்டால் தண்டனை கிடையாது. உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ கேடு என்று குழு திறந்த கூட்டத்தில் எழுத்துபூர்வமாக முடிவு செய்தாலொழிய, ஒரு மீறலுக்கு 100 டாலருக்கு மேல் அபராதம் இல்லை. முடிவை 14 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இந்த நடைமுறையை விட்டுவிட்டால் தண்டனை செல்லாது. அபராதப் பாக்கியை மட்டும் காட்டி, நீதிமன்றம் போகாமலே வீட்டை ஏலம் விடவும் முடியாது.

அறிவிப்பில் இருந்தாக வேண்டியவற்றில் புகார் கொடுத்தவரின் பெயர் இல்லை. இதைப் பலர் அநியாயம் என்று நினைக்கிறார்கள். குழு தானே போய்ப் பார்த்து உறுதி செய்திருந்தால் பெயர் தேவைப்படாது. புகார்தாரரின் சொல்லை மட்டுமே நம்பியிருந்தால் அதையே விசாரணையின் குறையாக எடுத்துக்காட்டலாம். சத்தம், நாற்றம் போன்ற கண்ணில் படாத மீறல்களில் பகை அதிகம் புகுந்து விளையாடும். அங்கே ஒரே வீட்டின் குறிப்பேட்டை நம்பி அபராதம் போடும் குழு வம்பை விலைக்கு வாங்குகிறது.

புகார்தாரர் குழு உறுப்பினராகவே இருந்தால்? சட்டத்தில் இங்கே ஓர் ஓட்டை இருக்கிறது. தன்மீதான நடவடிக்கையில் குழு உறுப்பினர் வாக்களிக்கக் கூடாது என்கிறது சட்டம்; தான் புகார் கொடுத்த அண்டை வீட்டார்மீதான நடவடிக்கை அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. ஆனாலும் அவர் ஒதுங்கிக்கொள்வதே முறை. ஒதுங்காவிட்டால், குழுவின் நல்லெண்ணத்தைக் கேள்விக்குள்ளாக்கும் சான்றை அவரே எதிர்த்தரப்புக்கு எடுத்துக் கொடுத்தவராகிறார். ஒதுங்கும்படி வீட்டுக்காரர் எழுத்தில் கேட்டு, அதைப் பதிவில் ஏற்றச் சொல்வது நல்லது. புளோரிடா இதைவிடத் தெளிவாக இருக்கிறது: குழுவினரோ அவர்களின் வாழ்க்கைத்துணை, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்களோ அல்லாத குறைந்தது மூன்று உறுப்பினர்களின் தனிக் கமிட்டி ஒப்புக்கொள்ளாமல் அங்கே அபராதம் செல்லாது.

ஒருவரை மட்டும் குறிவைத்து விதியை அமல்படுத்துவதை நிரூபிப்பது எளிதல்ல. மற்ற உறுப்பினர்கள்மீதான நடவடிக்கைப் பதிவுகளைப் பார்க்கும் உரிமை கிடையாது. கூட்டக் குறிப்புகளையும் கணக்குகளையும் கேட்கலாம். காட்ட வேண்டியதைக் காரணமின்றி மறுத்தால், ஒவ்வொரு எழுத்துக் கோரிக்கைக்கும் 500 டாலர் வரை சங்கத்துக்குத் தண்டம் உண்டு. மற்றபடி, அதே மீறல் உள்ள பிற வீடுகளைத் தெருவில் நின்று தேதியோடு படம் எடுத்து வைப்பதுதான் கைகண்ட வழி.

எல்லாப் பூசலும் குழுவின் வேலையல்ல. விதி மீறப்படாத வெறும் சண்டையில் குழு நடுவராக உட்காரத் தேவையில்லை. மூல ஆவணக் கட்டுப்பாடுகளை நிலைநாட்டக் கோரி ஒரு வீட்டுக்காரர் இன்னொருவர்மீது தாமே வழக்குத் தொடரவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் இனம், மதம், உடற்குறை காரணமாக ஒரு குடும்பம் துன்புறுத்தப்படும்போது "இது உங்கள் தனிப்பட்ட விஷயம்" என்று குழு கைகழுவிவிட முடியாது. 1968-இன் நியாயமான வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ் 2016-இல் வந்த மத்திய விதி, அண்டை வீட்டாரின் பாகுபாட்டைத் தெரிந்தும், தடுக்கும் அதிகாரம் இருந்தும் சும்மா இருப்பதைச் சங்கத்தின் பொறுப்பாகவே பார்த்தது. வாசல் கதவிலும் நிலையிலும் வைக்கும் மதச் சின்னங்களைச் சங்கங்கள் பொதுவாகத் தடுக்கக் கூடாது என்ற விதி 2020 முதல் கலிபோர்னியாவில் இருக்கிறது. அளவுக்கும் பாதுகாப்புக்கும் வரம்புகள் உண்டு. நம்பிக்கையின் பேரில் கட்டிய மாவிலைத் தோரணத்துக்கு எதிராகப் புகார் வந்தால் இது கைகொடுக்கும்.

பரிகாரத்தில் முதல் படி சங்கத்துக்குள்ளேயே நேரில் பேசித் தீர்க்கும் ஏற்பாடு. சட்டம் வகுத்த பொது நடைமுறையில், உறுப்பினர் கேட்டால் சங்கம் மறுக்க முடியாது, கட்டணமும் இல்லை. அடுத்தது மத்தியஸ்தம். விதியை அமல்படுத்தக் கோரும் வழக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அதை முயன்ற பிறகே உயர் விசாரணை நீதிமன்றம் திறக்கும். எதிர்த்தரப்புக்குப் பதில் தர 30 நாள். வழக்கில் வென்றவரின் வக்கீல் செலவைத் தோற்றவர் கட்ட வேண்டும் என்பதால், சிறிய அபராதத்துக்காக வழக்குக்குப் போவது இரு தரப்புக்கும் ஆபத்து. சங்கங்களைக் கண்காணிக்க நெவாடாவில் இருப்பதுபோல் தனி அரசு அலுவலகம் கலிபோர்னியாவில் இல்லை. குழுவே ஒரு தரப்பாகிவிட்டால், 5 சதவீத உறுப்பினர்கள் கையெழுத்திட்டுச் சிறப்புக் கூட்டம் கேட்கலாம். புகார்கள் பின்தொடர்தலாகவும் மிரட்டலாகவும் மாறினால் சங்கத்தை விட்டுவிட்டு, சிவில் துன்புறுத்தல் தடையுத்தரவு கேட்டு நேரே நீதிமன்றம் செல்லலாம்.