ஐந்நூறு துண்டும் ஆறாத மனசும்

செமஸ்டர் முடிஞ்சிருச்சு. ரிசல்ட்டும் வந்தாச்சு, அரியர் ஒண்ணும் இல்ல. ஆனாலும் மனசு மட்டும் ஈரத்துணி மாதிரி கனத்தே கிடக்குது. "என்னடா ஆச்சு?"ன்னு ரூம்மேட் கேட்டா சொல்றதுக்கு ஒரு காரணமும் இல்ல.

ஒரு நாள், ஒரு வாரம் இப்படி இருந்தா அது எல்லாருக்கும் வர்றதுதான். வருஷக்கணக்கா கூடவே இருந்தா? மருத்துவத்தில் இதற்கு 'டிஸ்தைமியா' என்று ஒரு பெயர் உண்டு. இரண்டு வருடமோ அதற்கு மேலோ, பெரும்பாலான நாட்கள் மனம் சோர்ந்தே இருக்கும் நிலை அது. ஆளை முழுசா படுக்க வைக்காது. கிளாஸுக்குப் போவீங்க, லேப் ரெக்கார்டு எழுதுவீங்க, கேன்டீன்ல சிரிப்பீங்க. அதனாலேயே வெளியே தெரியாது. "அவன் சுபாவமே அப்படித்தான்" என்று மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். கொஞ்ச நாள்ல நீங்களும் அதையே நம்ப ஆரம்பிச்சிடுவீங்க.

இப்படி நீண்ட நாள் சோர்வோடு இருக்கிறவங்க சிலருக்கு ஜிக்சா புதிர் கைகொடுக்குது. ஏன், எது வரைக்கும்னு பார்க்கலாம்.

பாடமாகப் பிறந்தது

1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக்காரர், ஒரு வரைபடத்தை மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோடு வழியாகவே அறுத்துத் துண்டாக்கினார். குழந்தைகளுக்கு புவியியல் சொல்லிக்கொடுக்க அது உதவியது. 1930களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் பொருளாதாரப் பெருமந்தம் வாட்டிய காலத்தில்தான் ஜிக்சா மோகம் உச்சத்துக்குப் போனது. அச்சு வைத்து வெட்டிய மலிவான அட்டைப் புதிர்கள் வாரம் ஒன்றாக வந்தன. வாங்க முடியாதவர்கள் வாடகைக்கு எடுத்தார்கள். வேலை போய், நாளைக்கு என்னன்னே தெரியாத வீட்டுல, ராத்திரிக்குள்ள முடிக்கக்கூடிய வேலையா அது ஒண்ணாவது இருந்துச்சு.

தலைக்குள்ளே நடப்பது

மாடு மேய்ந்ததை அசைபோடுவது போல, சோர்ந்த மனசும் நடந்ததையே திரும்பத் திரும்ப அசைபோடும். அன்னைக்கு ஏன் அப்படிப் பேசினோம், பிளேஸ்மென்ட்ல என்ன ஆகும், நாம எதுக்குமே லாயக்கில்லையோ... சோர்வை நீட்டிக்கிறதுல இந்த அசைபோடலுக்குப் பெரிய பங்கு உண்டு. "யோசிக்காதே"ன்னு சொன்னா நிக்காது. வேற வேலை கொடுத்தா கொஞ்ச நேரம் நிக்கும்.

நம்ம வொர்க்கிங் மெமரி லேப்டாப் ரேம் மாதிரி. இடம் கம்மி. வளைவு, நிறம், திருப்பிப் பார்த்தா பொருந்துமான்னு உருவங்களை அங்கே ஏத்திட்டா, மத்த காட்சிகளுக்கு இடம் குறையும். 2009-ல் எமிலி ஹோம்ஸும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு சோதனை இதையொட்டியது. மனதை உலுக்கும் காட்சிகள் கொண்ட படத்தைப் பார்த்தவர்களில், அதன்பின் பத்து நிமிடம் டெட்ரிஸ் விளையாடியவர்களுக்கு, அடுத்த ஒரு வாரத்தில் அந்தக் காட்சிகள் தானாக மனதில் வந்து போனது குறைவாக இருந்தது. அது டெட்ரிஸ், ஜிக்சா இல்ல. வருஷக்கணக்கான சோர்வும் இல்ல. ஆனா உருவங்களைப் பொருத்துற வேலைக்கு மனசுல இருந்து இடம் பிடுங்குற சக்தி உண்டுன்னு அது காட்டுது.

கொஞ்சம் கணக்கு

500 துண்டுப் புதிர். எந்த இரண்டு துண்டு சேரும்னு ஒவ்வொரு ஜோடியா பார்த்தா 1,24,750 ஜோடி. நினைச்சாலே மலைப்பு. அதையே நிறம் பார்த்து 50 துண்டு கொண்ட 10 குவியலா பிரிச்சா, ஒரு குவியலுக்கு 1,225 ஜோடி, மொத்தம் 12,250. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 20க்கு 25 வரிசையில் அடுக்கின புதிர்னா, ஓரத்துண்டு வெறும் 86தான். அதை முதல்ல முடிச்சா சட்டம் நின்னுடும்.

சோர்வுல இருக்கிறப்போ எல்லா வேலையும் அந்த 1,24,750 மாதிரிதான் தெரியும். "முழுசா செய்ய முடியாது, அதனால தொடவே வேணாம்"னு மனசு சொல்லும். புதிர் மேசையில அதே மனசு ஓரத்துண்டை மட்டும் பொறுக்குது. பெருசா ஊக்கம் எதுவும் தேவைப்படல. கை முதல்ல போச்சு, விருப்பம் பின்னால வந்துச்சு. மனச்சோர்வு சிகிச்சையிலும் இந்த வரிசையைப் பயன்படுத்துகிறார்கள்: மனசு சரியாகட்டும் என்று காத்திருக்காமல், சின்னச் சின்னச் செயல்களை நேரம் குறித்துத் தொடங்கச் சொல்வார்கள்.

அதுக்காக "வாழ்க்கையும் ஒரு ஜிக்சாதான், எல்லாத் துண்டும் ஒருநாள் சேரும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. புதிர்ல பெட்டி மேலயே விடை இருக்கு, துண்டெல்லாம் உள்ளேயே இருக்கு. வாழ்க்கையில அப்படி யாரும் பெட்டி தர்றதில்ல. அந்த வித்தியாசம்தான் ஜிக்சாவை ஓய்வா மாத்துது. விடை உறுதியா இருக்கிற ஒரு இடத்துல இருபது நிமிஷம் உட்காரலாம்.

செய்து பார்க்க

1,000 துண்டுல ஆரம்பிக்காதீங்க, 100 போதும். செலவு வேணாம்னா ஸ்பில்ஸ்பரி செஞ்சதைச் செய்யுங்க: பழைய காலண்டர் படத்தை அட்டையில ஒட்டி வெட்டுங்க. ஹாஸ்டல்ல இடம் இல்லாட்டி, டிராயிங் போர்டு மேல அடுக்கி கட்டிலுக்கு அடியில தள்ளிடலாம். போனை வேற இடத்துல வைங்க. இருபது நிமிஷம் ஆனதும் எழுந்துடுங்க. முடிக்கணும்னு கட்டாயம் இல்ல. முடிஞ்சா ஒருத்தரைப் பக்கத்துல உட்கார வைங்க. ரெண்டு பேர் கண்ணும் மேசையில இருக்கும்போது, முகம் பார்த்துச் சொல்ல முடியாத விஷயம் சில சமயம் தானா வாயில வந்துடும்.

எது வரைக்கும்

புதிர் முடிச்சு எழுந்ததும் குளிக்கவோ, சாப்பிடவோ, ஒரு போன் பண்ணவோ தெம்பு வந்தா அது ஓய்வு. கிளாஸ், சாப்பாடு, தூக்கம் எல்லாத்தையும் விட்டுட்டு அதுலயே கிடந்தா அது ஒளிஞ்சுக்கிறது. அப்போ ஆள் துணை வேணும். தூக்கமும் பசியும் வாரக்கணக்கா கெட்டுப்போனாலும், எதுலயும் பிடிப்பே இல்லாட்டியும் டாக்டரைப் பாருங்க. பேச்சு சிகிச்சை, மருந்து இரண்டுமே பலருக்குப் பலன் தருது.

இருக்கவே வேணாம்னு தோணினா, இருபது நிமிஷம் கூட காத்திருக்காதீங்க. பக்கத்து ரூம் கதவைத் தட்டுங்க. 14416-க்குப் போன் பண்ணுங்க. அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் அது. 24 மணி நேரமும் உண்டு, இலவசம், தமிழிலேயே பேசலாம். என்ன சொல்றதுன்னு தெரியலைன்னா, "ரொம்ப நாளா மனசு சரியில்ல"ன்னு ஆரம்பிங்க. அது போதும், மீதியை அவங்க கேட்டுக்குவாங்க.