தனி மிதிவண்டிப் பாதை: பயன் எங்கே, கவனம் எங்கே?

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், உடல் பருமன் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறுவோரிடம் மிதிவண்டி ஓட்டுமாறு மருத்துவர்கள் கூறுவதுண்டு. "பேருந்துக்கும் லாரிக்கும் நடுவே எப்படி ஓட்டுவது?" என்று அவர்கள் திருப்பிக் கேட்பர். அது நியாயமான கேள்வி. நகரங்களில் அமைக்கப்படும் தனி மிதிவண்டிப் பாதை அதற்கு ஒரு விடை. ஆனால் முழு விடை அன்று. அப்பாதை எங்கே காக்கிறது, எங்கே காப்பதில்லை என்பதை நோயாளிகளும் பராமரிப்போரும் அறிந்திருத்தல் அவசியம்.

தனி மிதிவண்டிப் பாதை என்பது என்ன?

மோட்டார் வாகனங்கள் நுழையாதவாறு விளிம்புக்கல், தடுப்புக் கம்பம், செடி வரிசை அல்லது உயர்த்தப்பட்ட தளத்தால் பிரிக்கப்பட்டு, மிதிவண்டிகளுக்கென ஒதுக்கப்பட்ட பாதையே தனிப் பாதை ஆகும். வண்ணக் கோடு மட்டும் போடப்பட்ட பாதை இவ்வகையைச் சேராது. கோட்டைக் கடந்து வாகனங்கள் வரலாம். அதன் மீதே நிறுத்தப்படவும் கூடும்.

நன்மைகள்

பெரியவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. வேலைக்கோ கடைக்கோ நாள்தோறும் அரை மணி நேரம் என வாரத்தில் ஐந்து நாள்கள் மிதிவண்டியில் சென்றுவந்தாலே 150 நிமிடங்கள் நிறைவடையும். உடற்பயிற்சிக்கெனத் தனியே நேரம் ஒதுக்க இயலாதோருக்கு இது பெரும் வசதி.

காயங்களைப் பொறுத்தவரை, கனடாவின் டொராண்டோ, வான்கூவர் நகரங்களில் நடந்த ஆய்வு குறிப்பிடத்தக்கது. மிதிவண்டியில் செல்கையில் காயமுற்று அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 690 பேரிடம் அவர்கள் சென்ற வழி கேட்டறியப்பட்டது. விபத்து நேர்ந்த இடம், அதே பயணத்தில் அவர்கள் பாதுகாப்பாகக் கடந்த வேறோர் இடத்துடன் ஒப்பிடப்பட்டது. வாகனங்கள் நிறுத்தப்பட்டு, மிதிவண்டிக்கென எந்த ஏற்பாடும் இல்லாத பெருஞ்சாலைகளுடன் ஒப்பிடுகையில், தனிப் பாதைகளில் காய அபாயம் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்காகவே இருந்தது. இந்த ஆய்வு 2012இல் வெளியானது.

அபாயங்கள்

டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் நடந்த ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. தனிப் பாதைகள் அமைக்கப்பட்ட பின்னர், சந்திப்புகளுக்கு இடைப்பட்ட சாலைப் பகுதிகளில் விபத்துகள் குறைந்தன, சந்திப்புகளிலோ அதிகரித்தன.

காரணம் எளியது. தடுப்புக்கு அப்பால் செல்லும் மிதிவண்டியை வாகன ஓட்டுநர் கவனிப்பதில்லை. சந்திப்பில் தடுப்பு முடிந்ததும் இருவரும் திடீரென எதிர்ப்படுகின்றனர். இடப்புறம் செல்லும் நமது சாலைகளில், இடப்பக்கம் திரும்பும் பேருந்தும் லாரியும் குறிப்பாக ஆபத்தானவை. ஓட்டுநரின் பார்வைக்கு எட்டாத பகுதி அப்பக்கத்தில் பெரியது.

பிற அபாயங்கள்:

- பாதை திடீரென முடிந்து, மிதிவண்டி விரைவு வாகனங்களுக்கிடையே புகுதல்.
- பாதையில் இருசக்கர மோட்டார் வாகனங்கள் நுழைதல், வாகனங்களை நிறுத்துதல், கடை விரித்தல்.
- எதிர்த்திசையில் மிதிவண்டி ஓட்டுதல். திரும்பும் ஓட்டுநர் அத்திசையிலிருந்து எவரையும் எதிர்பார்ப்பதில்லை.
- பேருந்து நிறுத்தங்களில் முதியோர், பார்வைக் குறைபாடு உடையோர் மீது மோதுதல்.

சந்திப்பைக் கடக்கும் முறை

1. சந்திப்புக்கு முன்னரே வேகத்தைக் குறைக்கவும்.
2. பெரிய வாகனத்தின் இடப்புறத்தில் நிற்க வேண்டாம். அதன் பின்னால் காத்திருக்கவும்.
3. பச்சை விளக்கு எரிந்தாலும், ஓட்டுநர் தங்களைப் பார்த்துவிட்டார் என உறுதி செய்த பின்னரே கடக்கவும்.
4. ஐயம் இருப்பின் இறங்கி, பாதசாரிகள் கடக்குமிடத்தில் வண்டியைத் தள்ளிச் செல்லவும்.
5. தலைக்கவசம் அணியவும். அது தலைக்காய அபாயத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இரவில் முன்விளக்கும் பின்புறச் சிவப்பு விளக்கும் அவசியம்.

யார் முதலில் மருத்துவரிடம் ஆலோசிக்க வேண்டும்?

- இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் எடுப்போர்: இரத்தச் சர்க்கரை தாழக்கூடும். குளுக்கோஸ் அல்லது சர்க்கரையை உடன் வைத்திருக்கவும். நடுக்கம், வியர்வை, படபடப்பு தோன்றினால் உடனே இறங்கி அதை உட்கொள்ளவும்.
- நீரிழிவினால் பாத உணர்ச்சி குறைந்தோர்: முழுவதும் மூடிய காலணி அணியவும். வீடு திரும்பியதும் பாதங்களைப் பார்க்கவும்.
- மாரடைப்பு ஏற்பட்டோர், ஸ்டென்ட் பொருத்தப்பட்டோர், நடக்கையில் மார்புவலி உடையோர்.
- வலிப்பு நோய், பக்கவாதம், அடிக்கடி தலைசுற்றல் உடையோர்: மருத்துவரின் அனுமதியின்றிச் சாலையில் ஓட்ட வேண்டாம்.
- வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்போர்: தலையில் சிறு அடி பட்டாலும், வலி இல்லாவிடினும், உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.

பராமரிப்போர் கவனத்திற்கு

பிள்ளைகள் விழும்போது மிதிவண்டியின் கைப்பிடி வயிற்றில் குத்துவதுண்டு. வெளியே சிறு சிராய்ப்போ வட்டத் தழும்போ மட்டுமே தெரியும். உள்ளே மண்ணீரல், கல்லீரல், கணையம் ஆகியவை காயமுற்றிருக்கலாம். அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தும் தோன்றலாம். வயிற்றுவலி, வாந்தி, முகம் வெளிறுதல், சோர்வு ஆகியவற்றில் ஏதேனும் காணப்பட்டால் தாமதிக்க வேண்டாம். "கைப்பிடி குத்தியது" என்பதை மருத்துவரிடம் தவறாமல் தெரிவிக்கவும். திட்டுவார்களோ என அஞ்சிப் பிள்ளைகள் விழுந்ததை மறைப்பதுண்டு. ஆதலால் கோபமின்றிக் கேட்கவும்.

தலையில் அடிபட்டபின் மீண்டும் மீண்டும் வாந்தி, மயக்கம், குழப்பம், வலிப்பு, மூக்கு அல்லது காதிலிருந்து இரத்தமோ நீரோ வடிதல் ஆகியன அவசர நிலைகள். 108ஐ அழைக்கவும். கழுத்தில் அடிபட்டிருக்கலாம் எனத் தோன்றினால் அவரை அசைக்க வேண்டாம். தமிழ்நாட்டு எல்லைக்குள் நேரும் சாலை விபத்துகளுக்கு, 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின் கீழ், பட்டியலிடப்பட்ட அரசு மற்றும் தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். பணம் இல்லை என்பதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

11ஆம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி பெறும் பிள்ளைகளுடன், முதல் நாளுக்கு முன்பே பள்ளி வரையிலான வழியை ஒருமுறை சென்று பார்க்கவும். தனிப் பாதை இருப்பின் அது எங்கே முடிகிறது, எந்தச் சந்திப்பில் இறங்கித் தள்ள வேண்டும் என்பதை அங்கேயே நின்று காட்டவும். தனிப் பாதை இல்லாத ஊர்களில், சற்றுச் சுற்றானாலும் வாகனங்கள் குறைந்த உட்தெருக்களைத் தேர்ந்தெடுக்கவும்.

இத்தகவல் பொது விழிப்புணர்வுக்கானது. தங்கள் உடல்நிலைக்கேற்ற அறிவுரைக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அரசு மருத்துவமனையையோ அணுகவும்.