மொன்றியல் வீட்டு வேலியில் மருந்து! தெரியுமா?

மொன்றியல் புறநகரில் வீடு வாங்கியவர்கள் முதல் வேலையாகச் சீடர் வேலி போடுவார்கள். அடுத்த வீட்டார் கண்ணை மறைக்க வரிசை கட்டி நிற்கும் அந்தப் பச்சை மரம், ஒரு காலத்தில் மூன்று கப்பல் ஆட்களின் உயிரைப் பிடித்து நிறுத்தியதாகச் சொல்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

1535 அக்டோபரில் பிரெஞ்சு மாலுமி ஜாக் கார்த்தியே இங்கே வந்தார்; மலையேறினார்; மொன்-ரொயால் என்று பெயரும் வைத்தார். பனிக்காலத்தைக் கழிக்கப் போனது இன்றைய கியூபெக் நகரத்துப் பக்கம். பிடித்தது ஸ்கர்வி! ஈறு அழுகிற்று, பல் உதிர்ந்தது, கால் வீங்கிற்று. 110 பேரில் 25 பேர் போய்ச் சேர்ந்தார்கள். அந்த நேரம் பார்த்து, சில நாள் முன்புவரை முழங்கால் வீங்கிக் கிடந்த டொமகாயா என்ற உள்ளூர்க்காரர் கம்பீரமாக நடந்து வருகிறார்! விசாரித்தால், ஒரு மரத்தின் இலையையும் பட்டையையும் அவித்துக் குடித்தாராம். பெண்கள் கிளை ஒடித்துவந்து செய்முறை காட்டினார்கள்: ஒன்றுவிட்டு ஒருநாள் கசாயம், சக்கையை வீங்கிய காலில் பற்று. அப்படியே நம் பாட்டி வைத்தியம்! பெரிய மரம் ஒன்று எட்டு நாளுக்குள் காலி.

அது வெள்ளைச் சீடர் என்பது பலர் கருத்து. பால்சம் ஃபிர் என்பவர்களும் உண்டு. எலுமிச்சையும் ஆரஞ்சும் ஸ்கர்வியைத் தீர்க்கும் என்று கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் சோதித்துக் காட்டியதோ 1747இல், அதாவது இருநூறு வருடம் கழித்து! அதற்காக வேலியை வெட்டி அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள். சீடரில் துஜோன் என்ற பொருள் இருக்கிறது. அளவு மிஞ்சினால் வலிப்பே வரும். ஆரஞ்சுதான் கடையில் கிடைக்கிறதே.

இன்னொரு மருந்து ஜின்செங் வேர். அது சீனாவின் சொத்து என்றுதானே நினைத்திருந்தோம்? மொன்றியலுக்கு எதிர்க்கரையில், கானவாகேயில் இருந்த லஃபித்தோ என்ற பாதிரியார், சீனாவிலிருந்து வந்த ஒரு கடிதத்தைப் படித்துவிட்டுக் காட்டில் தேடி, 1716இல் அதன் உறவுச் செடியைக் கண்டுபிடித்தார்! அவர் காட்டியதும் ஒரு மோஹாக் பழங்குடிப் பெண்மணி அடையாளம் சொல்லிவிட்டார். அது அவர்களுக்குப் பழக்கமான மருந்து. பிறகு சீனாவுக்கு ஏற்றுமதி தொடங்கியது, பேராசை புகுந்தது. பச்சை வேரை அடுப்பில் வைத்து அவசரமாக உலர்த்தி அனுப்பினார்கள். சீனர்கள் வேண்டாம் என்றார்கள், வியாபாரம் படுத்தது.

நெஞ்சுச் சளிக்குக் கியூபெக் பாட்டிகள் கடுகுப்பொடியும் மாவும் குழைத்து, துணியில் தடவி மார்பில் போடுவார்கள். சில நிமிடத்தில் எடுக்காவிட்டால் தோல் வெந்துவிடும்! தாத்தாக்களுக்கு அந்த வம்பே இல்லை. சுடுநீரில் ஜின், தேன், எலுமிச்சை. காய்ச்சல் சாக்கா, ஜின் சாக்கா என்று கேட்காதீர்கள். தேனை மட்டும் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. பொட்டுலிசம் என்ற ஆபத்து இருக்கிறது.

நம் ஊர் மருந்துக்கும் இங்கே இடமுண்டு. மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதி மளிகைக் கடையில் ஓமம் வாங்குகிறீர்களே, அதன் வாசனைக்குக் காரணமான தைமால்தான் வாய் கொப்பளிக்கும் லிஸ்டரினிலும் இருக்கிறது!

இன்னொன்று. பால்சம் ஃபிர் பட்டையில் கொப்புளம் கொப்புளமாகப் பிசின் இருக்கும். இங்கத்தவர்கள் அதைக் குத்தி எடுத்து வெட்டுக்காயத்தில் பூசினார்கள், இருமலுக்குச் சாப்பிட்டார்கள். உலர்ந்தால் அது ஒளியைக் கிட்டத்தட்டக் கண்ணாடி போலவே வளைக்கும். அதனால் உலகெங்கும் ஆய்வகங்களில் நுண்ணோக்கிச் சில்லுகளை ஒட்ட நெடுங்காலம் உதவிய பசை எது தெரியுமா? இதே பிசின்தான், கனடா பால்சம்!